நல்லெண்ணெய் பிஸ்கட்

எனக்கு ஹார்ட் அட்டாக் வந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றுகூடி அதை வாயு என்று முடிவு செய்துவிட்டார்கள்.

தொண்ணூற்றைந்தாம் வருடம், ஆடி மாதம். காலையில் எழுந்ததில் இருந்தே இடது தோள் இழுத்துக்கொண்டிருந்தது. வேர்த்து ஊற்றியது. என் வீட்டுக்காரர் குமாரசாமி அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, நெஞ்சை என்னமோ பண்ணுதுங்க" என்றேன்.

"நேத்துக் கொள்ளுப்பருப்பு தின்னீல்ல, அது வாயுவு. வெந்நியில ஓமத்தைப் போட்டுக் குடி" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டார்.

நானும் சுட்டுப் போட்டேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நெஞ்சு வலியோடு நின்று தோசை சுட்டிருக்கிறேன் பாருங்கள், அதுவும் ஓரம் முறுகலாக.

மருமகள் புவனாதான் சமையலறைக்குள் வந்து என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள், ஆட்டோ பிடித்தாள், ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். எங்கள் வீடு கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில். நாலு தெருவுக்கு ஒரு டாக்டர் இருக்கிற இடம். அது எனக்கு நல்லதாகப் போயிற்று. சொந்த ஊர் காங்கேயத்திலேயே இருந்திருந்தால் ஓமத்தண்ணியோடு என் கதை முடிந்திருக்கும்.

டாக்டரம்மா சின்ன வயசு, கண்ணாடி போட்டவர். "மைல்டு அட்டாக்தான், ஆனா இது ஒரு எச்சரிக்கை" என்றார். இந்த வாக்கியத்தில் என் வீட்டுக்காரர் "மைல்டு" என்கிற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். எச்சரிக்கையை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தார். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம், "ஒண்ணுமில்லீங்க, வாயுவு. கொஞ்சம் மேல ஏறிக்கிச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா என்னென்ன ஆகாது என்று சொன்னார். சர்க்கரை நோய் வாசலில் நிற்கிறதாம், அதனால் இனிப்பு குறைய வேண்டும். டால்டா ஆகாது, வெண்ணெய் ஆகாது. கடைசியாக, "தேங்காயெண்ணெயும் வேண்டாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். காங்கேயத்தில் எங்களுக்குத் தேங்காயெண்ணெய் மில். இவர் அப்பா செக்கில் ஆரம்பித்தது, இவர் எக்ஸ்பெல்லர் மெஷின் வைத்துப் பெரிதாக்கியது. வெளியே வந்ததும், "அந்தம்மா நம்ம பக்கத்து ஆளே இல்ல. நம்ம எண்ணெயப் பத்தி அதுக்கென்ன தெரியும்?" என்றார்.

இவருக்கு இரண்டு வருடம் முன்பு பிபி என்று சொன்னபோது எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? அப்பளம் வீட்டை விட்டுப் போயிற்று. ஊறுகாய் ஜாடி பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. எல்லோரும் உப்பில்லாத குழம்பு தின்றோம், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இப்போது எனக்கு நெஞ்சே நின்று போகப் பார்த்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, பொரியலில் தேங்காய், தாளிப்பில் தேங்காயெண்ணெய், எல்லாம் பழையபடி. ஆம்பளைக்கு வந்தால் நோய், பொம்பளைக்கு வந்தால் வாயு.

என்னைப் பார்க்க காங்கேயத்தில் இருந்து ராமாத்தா நங்கையா வந்தார். நங்கையா என்றால் எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அக்கா. மில்லில் அவருக்கும் பங்குண்டு, என் வீட்டில் பங்குக்கு மேலேயே அதிகாரம் உண்டு. நோயாளியைப் பார்க்க வந்தவர் தூக்குப்போசி நிறைய ஒப்புட்டு, அதாவது போளி, சுட்டுக்கொண்டு வந்தார். நெய் சொட்டச் சொட்ட.

"பொம்பளைக்கு எங்கம்மணி ஹார்ட்டு வருது? கவலைப்பட்டா வரும்பாங்க. உனக்கு என்ன கவலை? கார் இருக்குது, பங்களா இருக்குது. தின்னு, தெம்பு வரும்."

"டாக்டரு வேண்டாம்னுட்டாங்க நங்கையா."

"டாக்டரு உனக்கு ஒறம்பரையா, நான் உனக்கு ஒறம்பரையா?"

எங்கள் ஊரில் இதுதான் கஷ்டம். கத்தியைக் காட்டி மிரட்டினால்கூடத் தப்பித்துவிடலாம். இலையில் இனிப்பை வைத்துவிட்டு "தின்னுங்க கண்ணு" என்றால் தப்பிக்கவே முடியாது. வேண்டாம் என்றால் ஒறம்பரையே, உறவே வேண்டாம் என்று அர்த்தம். அன்றைக்கு நான் அந்த ஒப்புட்டைத் தொடவில்லை. நங்கையா தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. அது மேஜைமேல் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. புவனா எடுத்துக்கொண்டுபோய் வாட்ச்மேனுக்குக் கொடுத்தாள்.

எல்லாவற்றையும் விட்டேன். ஒன்றை மட்டும் விட முடியவில்லை. சாயங்காலம் டீயோடு பிஸ்கட். பேக்கரி பிஸ்கட், தொட்டால் பொடிகிற மாதிரி இருக்குமே, அது. டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"பேக்கரி பிஸ்கட்டா? அது முழுக்க டால்டாவும் சர்க்கரையும்தாம்மா."

"நானே செஞ்சுகிட்டா?"

சிரித்துவிட்டார். "மைதா இல்லாம, டால்டா இல்லாம, இனிப்பு பேருக்குப் போட்டு உங்களால பிஸ்கட் செய்ய முடிஞ்சா, ரெண்டு சாப்பிடுங்க. எனக்கும் ஒண்ணு கொண்டுவாங்க."

முடிந்தால் என்றாரே, அந்த ஒரு சொல் போதும் எனக்கு.

ராகி மாவு, கோதுமை மாவு, வறுத்துப் பொடித்த நிலக்கடலை, கறுப்பு எள், சுக்கு, ஏலக்காய். இனிப்புக்கு ஒரு கை நாட்டுச்சர்க்கரை. பிசைய நல்லெண்ணெய், அதுவும் அளந்து. புவனா ஓட்ஸ் டப்பா ஒன்று வாங்கி வந்து அதிலும் இரண்டு பிடி போட்டாள். எங்களிடம் ஓவன் கிடையாது. பழைய குக்கரில் மணலைக் கொட்டி, மேலே தட்டை வைத்து, புவனா எங்கேயோ படித்த மாதிரி சுட்டோம். வெந்ததும் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "டொக்" என்றது.

என் வீட்டுக்காரர் அதைத் தட்டிப் பார்த்தார். கதவைத் தட்டுகிற மாதிரி.

"இதைக் காங்கேயங் காளைக்குப் போட்டாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கும் அம்மணி."

"காளைக்கு நெஞ்சு நல்லாத்தானுங்க இருக்குது. இது எனக்கு" என்று சொல்லி, அவர் எதிரிலேயே டீயில் ஊறவைத்து ஒவ்வொன்றாகத் தின்றேன். தாடை இரண்டு நாள் வலித்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம்தான் பஷீர் ஞாபகம் வந்தது. தடாகம் ரோட்டில் பேக்கரி வைத்திருந்தான். அப்போதெல்லாம் கோயமுத்தூரில் ஒரு பழக்கம் உண்டு. நோம்பி, பண்டிகை நெருங்கினால் பெண்கள் மைதா, சர்க்கரை, டால்டா எல்லாம் வாங்கி பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். கூலிக்கு பிஸ்கட் போட்டு டின்னில் அடைத்துத் தருவார்கள். நானும் வருடாவருடம் பஷீரிடம்தான் கொடுப்பேன். அந்த முறை என் பையை அவன் மேஜைமேல் கவிழ்த்ததும் குனிந்து பார்த்தான்.

"என்னங்கம்மா, ராகி மாவு? களி கிண்டறதுக்கு வாங்குனதை மாத்திக் கொண்டாந்துட்டீங்களா?"

"மாத்தலப்பா. இதுலதான் பிஸ்கட்டு."

"டால்டா?"

"இல்ல."

"வெண்ணெய்ங்க?"

"இல்ல. நல்லெண்ணெய். அந்தத் தூக்குல இருக்குது."

"சக்கரை?"

"நாட்டுச்சக்கரை, ஒரு கை. என்ற கையி. உன்ற கையில்ல."

பஷீர் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். "அம்மா, பிஸ்கட்டுன்னா அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்குதுங்க."

"எனக்கும் இருக்குது. போடு."

முதல் தடவை எல்லாம் உதிர்ந்துபோயிற்று. வரிசையில் நின்ற ஒருத்தி, "ஏனுங்க்கா, சாமிக்கு வேண்டுதலுங்களா?" என்று கேட்டாள். "ஆமா, எமனுக்கு. வராதேன்னு வேண்டிகிட்டு" என்றேன். அடுத்த தடவை மாவை முதலில் வறுத்தேன், கொஞ்சம் தயிர் விட்டுப் பிசைந்து ஊறவைத்தேன். பஷீரின் விறகு அடுப்பு ரொட்டிக்கு அனலாக எரியும். அந்த அனலில் வைத்தால் ராகி வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தது. "ரொட்டியெல்லாம் எடுத்த பொறவு, அடுப்புல மிச்சம் இருக்குற சூட்டுல வெச்சுப் பாரு" என்றேன். அது சரியாக வந்தது. மெதுவாகக் காய்ந்து, மொறுமொறு என்று ஆகாவிட்டாலும் பல்லுக்கு அடங்கியது.

ஒவ்வொரு தடவையும் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று, ஒரு டின் நல்லெண்ணெய் வாங்கி பஷீரின் அலமாரியிலேயே வைத்தேன். வந்தது வினை. எண்ணெய்க் கடைக்காரன் யாரிடம் சொன்னானோ, பத்தே நாளில் செய்தி காங்கேயம் போய்விட்டது. என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"குமாரசாமி ஊட்டுக்காரி கடையில டின்னு டின்னா எண்ணெய் வாங்கறான்னு மார்க்கெட்டே சிரிக்குது."

"நீங்க நல்லெண்ணெய் ஆட்டறதில்லீங்களே, நான் எங்க போறது?"

"எண்ணெய் மில்லுக்காரன் பொண்டாட்டி அடுத்தவன் எண்ணெயத் தின்னா, என்ற எண்ணெய எவன் வாங்குவான்?"

"எனக்கு அடுத்த அட்டாக்கு வந்தா எவன் வாங்குவான்?"

பதில் சொல்லாமல் போய்விட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் பதில் சொல்லாமல் போனால் வேறெங்கேயோ போகிறார் என்று அத்தனை வருடக் குடித்தனத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தீபாவளி முடிந்தது. அதற்கப்புறம் என் பிஸ்கட்டுக்கு ஒரு யோகம் வந்தது. வாயில் வைத்தால் கரைந்தது. இனிப்பும் தூக்கலாகத் தெரிந்தது. கைப்பக்குவம் கூடிவிட்டது, நாக்கும் பழகிவிட்டது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரே இரண்டு எடுத்துத் தின்றுவிட்டு, "இப்பத்தான் பிஸ்கட்டு மாதிரி இருக்குது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் கொடுத்தேன். நானும் இரண்டு என்பது மூன்றாகி, மூன்று நாலாகித் தின்றேன். ஆரோக்கியமான பிஸ்கட்தானே!

மார்கழியில் ரத்தம் சோதித்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கொழுப்பு ஏறியிருக்கு. சர்க்கரையும் ஏறியிருக்கு. என்னம்மா சாப்பிடறீங்க?"

"நீங்க சொன்னதுதானுங்க" என்று கைப்பையில் இருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். ஒரு கடி கடித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார். "இவ்வளவு நல்லா இருக்கக் கூடாதே."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காதுக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு தடாகம் ரோட்டுக்கு நடந்தேன். அந்த வருடம் நல்ல குளிர். மருதமலைப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் பனி. பஷீர் மாவு பிசைந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் கை நின்றது.

"வாங்கம்மா. இன்னிக்கி உங்குளுது இல்லீங்களே?"

நான் நேராகப் போய் அலமாரியைத் திறந்து என் டின்னை எடுத்தேன். சாய்த்தேன். எண்ணெய் வரவில்லை. மூடியைக் கழற்றினேன்.

உள்ளே வெள்ளை வெளேர் என்று உறைந்து கிடந்தது, மெழுகுவத்தியை உருக்கி ஊற்றிய மாதிரி.

நல்லெண்ணெய் உறையாது. கோயமுத்தூர் மார்கழி என்ன, ஊட்டியில் கொண்டுபோய் வைத்தாலும் உறையாது. குளிர் பட்டால் இப்படிக் கட்டிக்கொள்வது எது என்று எண்ணெய் மில்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை நாள் வாசனையில் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் தலையணையே தேங்காயெண்ணெய் மணக்கும். இவர் சட்டை மணக்கும், கார் சீட் மணக்கும், காசோலைப் புத்தகம் மணக்கும். மீன் விற்கிறவளுக்கு மீன் நாற்றம் தெரியுமா? எனக்கு அது வாசனையே இல்லை, காற்று.

"பஷீர்."

"குமாரசாமி அண்ணன் வந்தாருங்கம்மா" என்றான். "தீபாவளி முடிஞ்சு வந்தாருங்க. 'என்ற ஊட்டு எண்ணெயி இருக்கறப்ப இது எதுக்கு'ன்னு இதைக் கொட்டிப்போட்டு, அதை ஊத்தி வெச்சுட்டுப் போனாருங்க. சக்கரையும் ரெண்டு கை சேத்திப் போடுன்னாருங்க. 'அம்மணி வாய் செத்துப்போயிக் கெடக்குறா, பாவம், ருசியாத் திங்கட்டும்'னாருங்க. அவரு அப்பிடிச் சொல்றப்ப நான் எப்பிடிங்கம்மா மாட்டேங்கறது?"

பாவமாம். விரோதத்தில் செய்திருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். பாவம் பார்த்துச் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. என் உயிர் எனக்கு வேண்டும் என்று நான் மெனக்கெட்டு அளந்து அளந்து போட்டதை, ருசிக்குக் குறைச்சல் என்று நினைத்து மாற்றியிருக்கிறார்.

அந்த டின்னை மஃப்ளரில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் தோசைக்கு உட்கார்ந்திருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் டின்னை வைத்து மூடியைத் திறந்தேன்.

எட்டிப் பார்த்தார். அவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"நல்ல எண்ணெயிதான்" என்றார் மெதுவாக. "முதல் தர கொப்பரை. எங்கம்மா காலம் பூராவும் இதைத்தான் தின்னா. ஒண்ணும் ஆகல."

"உங்கம்மாளுக்கு அட்டாக்கு வந்துச்சுங்களா? எனக்கு வந்துச்சுங்க."

"மைல்டு."

"ஏனுங்க, செத்துப்போனாத்தான் ஹார்ட்டுன்னு ஒத்துக்குவீங்களா? கொள்ளி வெக்கறப்பக்கூட வாயுவுன்னுதான் சொல்லுவீங்களா?"

புவனா சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை. சம்பந்தமே இல்லாத மாதிரி, "தையில புது எக்ஸ்பெல்லருக்குப் பூஜை போடறோம். மொத கச்சாயம் நீதான் திங்கோணும். ஞாபகம் வெச்சுக்க" என்றார்.

எங்கள் மில்லில் அது மாமியார் காலத்துப் பழக்கம். புது மெஷின் ஓட ஆரம்பித்தால், அதில் வருகிற முதல் எண்ணெயில் விளக்கேற்றி, அந்த எண்ணெயிலேயே கச்சாயம் சுடுவார்கள். பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, எண்ணெயில் பொரித்தெடுக்கிற இனிப்பு. முதல் கச்சாயத்தை மில் முதலாளியின் மனைவி, வியாபாரிகள் பார்க்க, தின்ன வேண்டும். வீட்டுக்காரி தின்ற எண்ணெய் என்றால் கலப்படம் இல்லை என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் விலை பேசுவார்கள்.

"நான் திங்க மாட்டேனுங்க" என்றேன். "இப்பவே சொல்லிப்போட்டேன். வேணும்னா புவனா திங்கட்டும்."

"மில்லு என்ற பேர்ல இருக்குது. நீதான் திங்கோணும்." எழுந்து கை கழுவினார். நாலு பேர் முன்னால் நான் மாட்டேன் என்று சொல்ல மாட்டேன் என்பது அவர் நம்பிக்கை. தப்பில்லை, அதுவரைக்கும் சொன்னதில்லை.

பூஜைக்கு முந்தின வாரம் நங்கையா போன் செய்தார். "ஒரே ஒரு கச்சாயம். குடும்ப மானம். தின்னுட்டு வேணும்னா பொறவு ஒரு மாசம் பட்டினி கெட" என்றார். "மானம் அவ்வளவு சின்னதுங்களா நங்கையா, ஒரு கச்சாயத்துல போறதுக்கு?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

அந்த வாரம் பஷீரிடம் நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். புது டின் நல்லெண்ணெய். அவன் கை சர்க்கரைப் பக்கம் போனால் என் தொண்டை கனைத்துக்கொண்டது. அடுப்பு ஆறுகிற வரைக்கும் காத்திருந்து எடுத்தோம். கரையவில்லை, ஆனால் நன்றாக இருந்தது. ராகி ராகியாகவே இருந்தது, எள் எள்ளாகவே இருந்தது. ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய அடைத்துக்கொண்டேன்.

பூஜை அன்று மில் முழுக்க வாழைமரம். புது எக்ஸ்பெல்லருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. ஈரோட்டில் இருந்து பெரிய வியாபாரி லட்சுமணசாமி வந்திருந்தார். வெள்ளை வேட்டி சட்டையில் இன்னும் பத்துப் பதினைந்து பேர். மெஷின் ஓடியது. பொன் நிறத்தில் முதல் எண்ணெய் இறங்கியது. நான்தான் கையில் பிடித்து விளக்கில் ஊற்றினேன், ஏற்றினேன், விழுந்து கும்பிட்டேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த எண்ணெயில்தானே என் பிள்ளைகள் படித்தார்கள்.

நங்கையா வெளியே அடுப்பு வைத்துக் கச்சாயம் சுட்டு, வெள்ளித் தட்டில் கொண்டுவந்தார். வாசனை மில்லையே தூக்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு நின்றார், ஆனால் கை துண்டை முறுக்கிக்கொண்டிருந்தது.

"சென்னி, வாயத் தொற" என்றார் நங்கையா, என் பேரைச் சொல்லி. தட்டைக்கூட நீட்டவில்லை, கச்சாயத்தைப் பிட்டு நேராக வாய்க்கே கொண்டுவந்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தள்ளவில்லை, பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

"விளக்குக்கு ஊத்திட்டேனுங்க. தலைக்கும் வெச்சுக்கறேனுங்க. வாய்க்கு வேண்டாமுங்க."

"அட, ஒண்ணு தின்னாச் செத்தா போயிருவ?"

"தெரியலீங்க நங்கையா. அதைத் தின்னு பாத்துத் தெரிஞ்சுக்க எனக்கு இஷ்டமில்லீங்க."

மெஷின் இரைந்துகொண்டே இருந்தது. லட்சுமணசாமி தொண்டையைச் செருமினார்.

"ஏனுங் குமாரசாமி, ஊட்டுல அம்மா திங்க மாட்டேங்கறாங்க. எண்ணெயில ஏதாச்சும்..."

என் வீட்டுக்காரர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்றோ. "இல்லீங்க, அவளுக்குக் கொஞ்சம் வாயுவு..." என்று ஆரம்பித்தார்.

"வாயுவு இல்லீங்க" என்றேன். நானே எதிர்பார்க்கவில்லை, அவ்வளவு சத்தமாக வந்தது. "லட்சுமணசாமி அண்ணா, எண்ணெயி சுத்தமுங்க. என்ற கையிலயே புடிச்சேன். கோளாறு என்ற நெஞ்சுலதானுங்க. ஆடி மாசம் எனக்கு ஹார்ட் அட்டாக்கு வந்துச்சு. மைல்டும் இல்ல, மண்ணும் இல்ல, அட்டாக்கு. ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காங்க. அதனால திங்கல. எண்ணெய் மேல சந்தேகம்னா என்னையக் கேளுங்க, விளக்கு முன்னால சத்தியம் பண்றேன். ஆனாத் திங்க மாட்டேன்."

"சபையில வெச்சு இதையெல்லாம் சொல்லோணுமா?" என்று நங்கையா பல்லைக் கடித்தார்.

"சபையில வெச்சுத்தானுங்களே ஊட்ட வந்தீங்க."

அப்போது என் வீட்டுக்காரர் நடந்து வந்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அக்கா கையில் இருந்த கச்சாயத்தை வாங்கி முழுசாகத் தன் வாயில் போட்டுக்கொண்டார். எல்லோரும் பார்க்க மென்றார். விழுங்கினார். "எண்ணெய் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் லட்சுமணசாமியிடம். என் பக்கம் திரும்பவே இல்லை.

லட்சுமணசாமியும் ஒன்று எடுத்துத் தின்றார், மற்றவர்களும் தின்றார்கள். பேச்சு மறுபடி ஆரம்பித்தது. நான் என் டின்னைத் திறந்து ஒவ்வொருத்தர் முன்னாலும் நீட்டினேன். அது பெரிய வெற்றி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். லட்சுமணசாமி ஒன்று கடித்துவிட்டு, "களியக் காய வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்றார். ஒருத்தர் பாதியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனார். நங்கையா டின்னைப் பார்க்கவே இல்லை. கொப்பரை உடைக்கிற பெண்கள் மட்டும் நன்றாக இருக்கிறது என்று இன்னொன்று வாங்கிக்கொண்டார்கள். வியாபாரம் முடிந்தது, விலை படிந்தது, யாரும் எண்ணெயைக் குறை சொல்லவில்லை. குடும்ப மானம் அங்கேதான் இருந்தது, வாழைமரத்துக்குப் பக்கத்தில், பத்திரமாக.

சாயங்காலம் காரில் கோயமுத்தூர் திரும்பினோம். இவர்தான் ஓட்டினார். பல்லடம் வந்தது.

"என்ற மூஞ்சில கரியப் பூசிப்போட்ட" என்றார் கடைசியில்.

"கரியா இருந்தா கழுவிக்கலாமுங்க. என்ற நெஞ்சை எதைப் போட்டுக் கழுவறது?"

"அத்தனை பேருக்கு முன்னால அட்டாக்கு அட்டாக்குன்னு..."

"ஆறு மாசமா ஊட்டுல சொன்னேன், ஒருத்தரு காதுலயும் உழுகல. மில்லுல மெஷின் சத்தத்துல சொன்னாத்தான் உங்களுக்குக் கேக்குது."

கொஞ்ச தூரம் போய் ஒரு டீக்கடை முன்னால் காரை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, "ரெண்டு டீ. ஒண்ணு சக்கரை இல்லாம" என்று வாய்க்குள்ளேயே சொன்னார்.

"என்னுங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, இந்தத் தடவை தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "ஒண்ணுக்குச் சக்கரை வேண்டாமுங்க. இந்தம்மாளுக்கு ஹார்ட்டு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிக் காருக்குள் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ரெண்டுலயும் வேண்டாமுங்க" என்று நானும் ஜன்னல் வழியாகச் சொன்னேன்.

"எனக்கெதுக்கு?" என்றார்.

"ரெண்டு மாசம் எனக்குத் தெரியாம நீங்க போட்ட சக்கரைய நான் தின்னுபோட்டனுங்க. இன்னும் ரெண்டு மாசத்துக்கு நீங்க இல்லாமக் குடிங்க."

டீக்கடைக்காரர் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன், கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா சொல்றாப்புலயே போடுங்க" என்றார்.